பிசினுக்குள் ஒரு தீவின் மண்

அந்த அம்பர் துண்டின் நீளம் 33 மில்லிமீட்டர். எடை ஆறு கிராமுக்குச் சற்று மேல். வடக்கு மியன்மாரின் ஹுக்காங் பள்ளத்தாக்கில் தோண்டி எடுக்கப்பட்டு, எல்லை கடந்து போய், இப்போது ஷாங்காயில் ஓர் அம்பர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2019 மே மாதத்தில் நான்ஜிங் தொல்லுயிரியல் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் அதைப் பற்றி எழுதியபோது உலகமெங்கும் செய்தியானது அதற்குள் கிடந்த அம்மோனைட்தான். கடலில் வாழ்ந்து அழிந்துபோன, சுருண்ட ஓடு கொண்ட ஓர் உயிர், மரத்தில் வடிந்த பிசினுக்குள் எப்படிப் போயிற்று என்ற வியப்பு யாருக்கும் வரும், எனக்கும் வந்தது. ஆனால் அந்த வியப்பு அடங்கிய பிறகும் ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. அதே துண்டுக்குள் சிலந்தி இருக்கிறது, மரவட்டை இருக்கிறது, கரப்பானும் வண்டும் ஈயும் குளவியும் இருக்கின்றன. நிலத்தில் வாழ்ந்தவற்றில் எண்ணிக்கையில் மிகுந்திருப்பவை சிற்றுண்ணிகள். விஞ்ஞானப் புத்தகங்கள் மைட் என்கின்றன. நம் விவசாயிகள் சிலந்திப்பேன் என்கிறார்கள். ஊரில் பொதுவாக உண்ணி என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம். மண்ணிலும் சருகுக்கடியிலும் எட்டுக் கால்களால் ஊர்ந்து திரியும், கண்ணுக்குப் புள்ளியாகக்கூடத் தெரியாத உயிர். நான் படித்த செய்திகளில் எதிலும் அவற்றுக்கு ஒரு வரிக்கு மேல் கிடைக்கவில்லை. அதிகம் இருந்தவை அவை, பேசப்படாதவையும் அவை. யாங்கோனில் மழை பிடித்துக்கொண்ட நாட்களில், மின்சாரம் போன அறையில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் மனம் அந்தத் துண்டுக்குள் போய் அந்தப் புள்ளிகளைத் தேடத் தொடங்கிவிடுகிறது.

அந்தப் பிசின் வடிந்த காடு எங்கே இருந்தது என்று கேட்டால் பதில் இன்னும் வியப்பாக இருக்கிறது. அம்பர் கிடைக்கும் பாறைப் படிவில் எரிமலைச் சாம்பலோடு வந்து விழுந்த சிர்க்கான் என்ற கனிமத்தின் மணிகள் உண்டு. அவற்றைக் கொண்டு 2012-இல் கணித்த வயது ஏறக்குறைய 9 கோடியே 88 லட்சம் ஆண்டு. அதாவது காட்டுக்கு அருகில் எங்கோ எரிமலை கக்கிக்கொண்டிருந்திருக்கிறது. 2019-இல் பாறைகளின் பழங்காந்தத்தை அளந்த இன்னொரு குழு, இன்றைய மேற்கு மியன்மார் அப்போது ஆசியாவோடு ஒட்டாமல், நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில், டெத்திஸ் கடலின் நடுவே ஓர் எரிமலைத் தீவு வரிசையின் பகுதியாக இருந்தது என்று சொன்னது. இதை எல்லோரும் ஒப்புக்கொண்டுவிடவில்லை; ஆசியாவோடு முன்பே சேர்ந்துவிட்டது என்று வாதிடுகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு வழக்கைத் தீர்க்கும் படிப்பு இல்லை. ஆனால் தீவாகவே இருந்திருந்தால், அந்தத் துண்டுக்குள் இருப்பவை தனித்துக் கிடந்த ஓர் எரிமலைத் தீவின் மண்ணில் வாழ்ந்த சிற்றுண்ணிகள். கடற்கரை மரம் ஒன்றிலிருந்து பிசின் வடிந்து தரைக்கு இறங்கியிருக்கிறது, சருகில் ஊர்ந்தவற்றையெல்லாம் மூடியிருக்கிறது, புயலோ அலையோ கொண்டுவந்து போட்ட வெற்று ஓடுகளையும் கடைசியில் சேர்த்துக்கொண்டிருக்கிறது. ஒரு தீவின் மண்ணும் அதன் கரையும் ஒரே இடத்தில் கெட்டியாகிவிட்டன. அம்மோனைட்டின் துணைப்பேரினப் பெயர் பீமாய்ட்டிஸ். பீமன் என்ற பெயரைக் கேட்டதும் காது நிமிர்ந்தது. அதன் கதை நம் பக்கத்துக் கதைதான். ஃபெர்டினாண்ட் ஸ்டோலிக்ஸ்கா என்ற இளைஞர் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையில் வேலைக்கு வந்து, தென்னிந்தியாவின் கிரெட்டேசியப் பாறைகளில் கிடைத்த கடல் ஓடுகளை விவரித்து 1865-இல் வெளியிட்டார். அவர் பீமன் பெயர் சூட்டிய அம்மோனைட்டிலிருந்து வந்தது அது. ஊட்டத்தூர், காரை, அரியலூர் என்று நாம் பேருந்தில் கடந்துபோகும் ஊர்களின் ஓடைகளில் இன்றும் அந்தக் காலத்து ஓடுகள் மழைக்குப் பிறகு தலை நீட்டும். அதே கடலின் இன்னொரு கரையில் அந்தத் தீவு இருந்திருக்கிறது. ஊட்டத்தூர்க் களிமண்ணில் கடல் மட்டும்தான் மிஞ்சியது. கரையில் ஊர்ந்தவை எவை என்று அது சொல்லாது. பிசின் சொல்கிறது.

தனித்த தீவில் மண்ணுயிர் எப்படி வந்து சேர்கிறது என்ற கேள்வியை நான் விட்டுவிட்டுப் போக முடியவில்லை. எரிமலைத் தீவான கிரக்கத்தோவா 1883 ஆகஸ்டில் வெடித்துச் சிதறி, மிஞ்சிய நிலமெல்லாம் சாம்பலுக்குள் போனது. அடுத்த ஆண்டு மே மாதம் அங்கே இறங்கிய பிரெஞ்சுக்காரர்களில் ஒருவரான எட்மோன் கோத்தோ தேடித் தேடிக் கண்ட ஒரே உயிர் மிகச் சிறிய ஒரு சிலந்தி. பிடிக்க இரை ஏதும் இல்லாத இடத்தில் அது வலை பின்னிக்கொண்டிருந்தது. ஐஸ்லாந்துக்குத் தெற்கே 1963 நவம்பரில் கடலிலிருந்து எழுந்த சுர்ட்ஸே தீவில், 1974-இல் கரை ஒதுங்கிய ஒரு புல்கற்றையைப் பிரித்துப் பார்த்தபோது 663 சிற்றுயிர்கள் இருந்தன. பெரும்பாலும் சிற்றுண்ணிகளும் ஸ்பிரிங்டெயில் எனும் துள்ளிகளும். உப்புநீரில் மிதந்து வந்தும் அவற்றில் பெரும்பகுதி உயிரோடிருந்தன. ஒரே ஒரு புல்கற்றை போதும், ஒரு தீவுக்கு மண்ணின் குடிகள் வந்துவிடுகிறார்கள். மண் சிற்றுண்ணிகளில் பெரும் கூட்டமான ஒரிபாட்டிடுகளில் பல இனங்களுக்கு ஆண் தேவையில்லை. தனியாக வந்து சேர்ந்த ஒரு பெண் தன்னைப் போலவே பெண்களைப் பெற்று ஒரு தீவை நிரப்பலாம். நம் அந்தமான் கடலிலும் இப்படி இரண்டு எரிமலைத் தீவுகள் இருக்கின்றன. மத்திய மியன்மாரின் போப்பா மலையிலிருந்து தெற்கே நீளும் அதே எரிமலைக் கோட்டில் முதலில் நார்கொண்டம், அதற்கும் தெற்கே பேரன் தீவு. பேரன் 1787-இல் புகைந்ததைக் கப்பல்காரர்கள் எழுதி வைத்தார்கள். பிறகு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் அடங்கிக் கிடந்து 1991-இல் மீண்டும் கக்கியது. நார்கொண்டம் ஏழு சதுர கிலோமீட்டர்கூட இல்லை. பறவை ஆய்வாளர் ஹியூம் 1873-இல் அங்கே போய், உலகில் வேறெங்கும் இல்லாத இருவாச்சி ஒன்றுக்குப் பெயர் வைத்தார். 1986-இல் இந்தியாவும் பர்மாவும் கடல் எல்லை ஒப்பந்தம் போடும்வரை அந்தத் தீவின்மேல் இரு நாட்டுக்கும் கண் இருந்தது. பறவைக்குப் பெயர் கிடைத்தது, நிலத்துக்கு உரிமையாளர் கிடைத்தார். அந்த இருவாச்சி உண்ட அத்திப்பழத்தின் தோல் மண்ணில் விழுந்து மக்கும்போது அதை மென்று பொடியாக்குகிறவற்றை யார் கேட்டார்கள்? ஒப்பந்தக்காரர்களைக் குறை சொல்ல இதைக் கேட்கவில்லை. கண்ணுக்கு எட்டாததைப் பற்றி ஒரு நாடு எப்படி அக்கறை கொள்ளும் என்பது எனக்கே விளங்காத கேள்வி.

சிற்றுண்ணியை அடையாளம் காண்பது என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள முயன்றபோதுதான் அந்த அம்பர் துண்டின் துயரம் முழுதாகப் புரிந்தது. உயிருள்ள மண்ணிலிருந்து அவற்றைப் பிரித்தெடுக்க இத்தாலியின் அந்தோனியோ பெர்லேசி 1905-இல் ஒரு வழி கண்டார். புனலின் மேல் ஒரு சல்லடை, அதில் ஒரு பிடி சருகு மண். மேலிருந்து சூடு பட மண் காயும். ஈரத்தை நாடி உயிர்கள் கீழே கீழே இறங்கும். கடைசியில் புனலின் வாய் வழியே சாராயக் குப்பிக்குள் விழும். அதன் பிறகுதான் வேலை. கருத்த, கெட்டி ஓடுள்ள ஒரிபாட்டிடை லாக்டிக் அமிலத்தில் ஊறவைத்து ஒளி புகும்படி வெளுக்க வேண்டும். குழிவான கண்ணாடித் தகட்டில் போட்டு, மூடிய கண்ணாடியை ஊசியால் லேசாக நகர்த்தி, அரை மில்லிமீட்டர்கூட இல்லாத உடலை முதுகு, வயிறு, பக்கவாட்டு என்று உருட்டி உருட்டிப் பார்க்க வேண்டும். எந்த மயிர் எந்த இடத்தில், எத்தனை, எந்த வடிவம். தலைப்பகுதியில் கிண்ணம் போன்ற குழியிலிருந்து எழும் உணர்மயிர் குண்டாந்தடி போலவா, கதிர் போலவா, நூல் போலவா. காலில் எத்தனை நகம். ஓர் இனத்துக்கும் இன்னோர் இனத்துக்கும் இடையே இருப்பது சில நேரம் ஒரே ஒரு மயிர்தான். இப்படி உருட்டிப் பார்ப்பதை ஒரு தவமாகவே ஆக்கியவர் பிரான்சின் பிரான்சுவா கிரான்ஜான். அவர் கனிமப் பாறைகளின் ஆள். பாறைச் சீவல்களைத் முனைவாக்கிய ஒளியில் பார்த்துப் பழகிய கண்ணோடு சிற்றுண்ணியின் மயிர்களைப் பார்த்தார். ஒரு பெரும் பிரிவின் மயிர்களில் அந்த ஒளி பட்டதும் படிகங்களைப் போல மின்னுவதைக் கண்டார். இன்றுவரை சிற்றுண்ணிகளின் வகைப்பாட்டில் அந்த மின்னல் ஒரு முக்கிய அடையாளம். பாறையைப் படித்தவர் ஒருவர் மண்ணுயிருக்குத் திரும்பியதால் கிடைத்தது அது. டென்மார்க்கின் மேரி ஹம்மர் கிரீன்லாந்தில் தொடங்கி ஆண்டஸ் மலைகள், நியூசிலாந்து, ஃபிஜி, தஹிட்டி, டோங்கா, ஜாவா, பாலி என்று மலைகள், தீவுகள் பலவற்றின் சருகை அள்ளினார். ஒரிபாட்டிடுகள் எங்கெங்கே எப்படிப் பரவியிருக்கின்றன என்பதைக் கண்டங்கள் நகர்ந்த வரலாற்றோடு பொருத்திப் பார்த்து 1979-இல் வால்வொர்க் என்ற இன்னோர் ஆய்வாளருடன் சேர்ந்து எழுதினார். கடலைக் கடப்பது கடினமான உயிர் என்பதால் நிலம் நகர்ந்ததற்கு அதுவே சாட்சி என்பது அவர்கள் எண்ணம். ஆனால் சுர்ட்ஸேயின் புல்கற்றை வேறு கதை சொல்கிறதே என்று எனக்குள் ஒரு தயக்கம். கடக்கவும் முடியும், கடக்காமலே தங்கியும் போகும்; எந்தத் தீவில் எது நடந்தது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால்தான் தெரியும். அம்பருக்குள் கிடக்கும் சிற்றுண்ணியை உருட்ட முடியாது. அது பிசினுக்குள் எப்படித் திரும்பிக் கிடக்கிறதோ அப்படித்தான் பார்க்கலாம். பக்கவாட்டைப் பார்க்க வேண்டுமானால் பிசினை அறுத்துத் தேய்க்க வேண்டும்; தேய்க்கும்போது பக்கத்தில் இருக்கும் இன்னொன்று போய்விடலாம். எக்ஸ்ரே கதிர்களை வைத்து உள்ளே நோக்கும் கருவிகள் இப்போது இருக்கின்றன. அவையும் எல்லா மயிரையும் காட்டிவிடுவதில்லை.

பர்மிய அம்பரில் சிற்றுண்ணிக்குப் பெயர் வைத்தது இன்று நேற்றல்ல. மாந்தலேயில் வழக்கறிஞராக இருந்த ஸ்வின்ஹோ அனுப்பிவைத்த துண்டுகளை அமெரிக்காவின் கொலராடோவில் உட்கார்ந்து பார்த்த காக்கரெல் என்ற ஆய்வாளர், 1917-இல் ஒன்றுக்குக் கெய்லிட்டஸ் பர்மிட்டிகஸ் என்று பெயரிட்டார். துண்டுகள் லண்டன் போய்ச் சேர்ந்தன. அதற்கும் முன்னால், பர்மாவில் பொதுப்பணித் துறைப் பொறியாளராக இருந்த ஓட்ஸ் சேகரித்த சிலந்திகளைக் கொண்டு ஸ்வீடன்காரரான தோரெல் 1895-இல் பர்மாவின் சிலந்திகளுக்கு ஒரு பட்டியல் நூலே எழுதினார். பெயர்கள் தூரத்திலிருந்துதான் வந்திருக்கின்றன, அது பழைய வழக்கம். இன்று பர்மிய அம்பரிலிருந்து பெயரிடப்பட்ட இனங்கள் 2,000-ஐத் தாண்டிவிட்டன. யாங்கோன் போஜோக் சந்தையில் கல் விற்கும் வரிசையில் நான் அவ்வப்போது நிற்பதுண்டு. பர்மியர்கள் பயின் என்கிறார்கள். தேன் நிறம், கள்ளிச்சொட்டுத் தேநீர் நிறம், ரத்தச் சிவப்பு. கையில் எடுத்தால் கல்லின் குளிர்ச்சி இல்லை, கனமும் இல்லை. உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் இளஞ்சூடாகி மெல்லிய சாம்பிராணி வாடை வரும். புறஊதா விளக்கைக் காட்டினால் உள்ளிருந்து நீலம் பரவும். தமிழ் பேசும் ஒரு கடைக்கார அம்மா எனக்கு ஒரு துண்டை உருப்பெருக்கியோடு நீட்டினார். உள்ளே ஓர் ஈ சிறகை விரித்தபடி. அதன் பக்கத்தில் மணல் மணியைவிடச் சிறிதாக நாலைந்து புள்ளிகள். “இது என்னங்கம்மா?” என்றேன். “அது அழுக்கு தம்பி. அழுக்கு இருந்தா வெலை கொறையும். பூச்சி பளிச்சுன்னு தெரிஞ்சாத்தான் வெலை. தேளு, பல்லி மாட்டிக்கிட்டா கேக்கவே வேணாம்” என்றார். அந்த அம்மா சொன்னதில் பிழை இல்லை. சந்தைக்குத் தெரிந்ததைச் சொன்னார். எனக்குத்தான் அன்று இரவு முழுக்க அந்தச் சொல் கேட்டுக்கொண்டே இருந்தது. அழுக்கு. அவற்றுக்கு எட்டுக் கால்கள் இருந்திருக்கலாம். இருந்ததா என்று பார்க்க என் கையில் இருந்த உருப்பெருக்கி போதவில்லை.

இதில் ஆழமாகப் போகப் போக உறுத்தல் கூடியது. ஹுக்காங் சுரங்கம் என்பது குறுகிய கிணறு. ஆள் மட்டும் இறங்கும் அகலத்துக்குத் தோண்டி, மூங்கில் முட்டுக் கொடுத்து, அடியில் பக்கவாட்டில் குடைந்து போவார்கள். அந்த மண் பல பத்தாண்டுகளாகக் கச்சின் போராளிகளுக்கும் ராணுவத்துக்கும் இடையே கிழிபட்ட மண். 2017 ஜூனில் ராணுவம் வானிலிருந்து துண்டறிக்கை வீசி மக்களை வெளியேறச் சொன்னது, தனாய் நகரைச் சுற்றியிருந்த சுரங்கங்களைப் பிடித்தது, ஆயிரக்கணக்கானவர்கள் இடம்பெயர்ந்தார்கள். துண்டுகள் எல்லைக்கு அப்பால் யுன்னான் சந்தைகளுக்கு ஓடிக்கொண்டேயிருந்தன. இந்த நாட்டின் சட்டத்தில் தொல்லுயிர் எச்சம் வெளியே போக அனுமதி வேண்டும். அம்பரோ நகைக்கல் கணக்கில் போய்விடுகிறது. 2020-இல் முதுகெலும்பிகளின் தொல்லுயிரியல் கழகம், 2017 ஜூனுக்குப் பின் வாங்கிய பர்மிய அம்பரைக் கொண்டு எழுதும் கட்டுரைகளை வெளியிடாதீர்கள் என்று ஆய்விதழ்களைக் கேட்டுக்கொண்டது. சிலர் ஏற்றார்கள், பலர் ஏற்கவில்லை. ஏற்காதவர்கள் சொல்லும் காரணமும் காதில் விழுகிறது: நாங்கள் வாங்காவிட்டால் இவை மாலையாகவும் மோதிரமாகவும் தேய்ந்து உலகுக்கே இல்லாமல் போகும். உண்மைதான். அழுக்கு என்று தேய்க்கப்பட்டுப் போகும் சிற்றுண்ணியை நினைத்தால் எனக்கும் யாராவது அதை வாங்கிக் காப்பாற்றிவிட மாட்டார்களா என்றுதான் இருக்கிறது. அடுத்த நொடியே, அந்த வாங்கும் பணம் எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போகிறது என்ற நினைப்பு வருகிறது. அந்த அறிவு பொய்யில்லை, அந்தப் பெயர்கள் தப்பில்லை. அவற்றை அறிந்த பிறகு அறியாமல் இருந்திருக்கலாம் என்று என்னால் ஆசைப்பட முடியவில்லை. ஆனால் அவை வந்த வழியில் ஓர் ஊர் காலியாகியிருக்கிறது. இரண்டையும் ஒரே மனதில் வைத்துக்கொள்வது கடினம். நான் அந்தத் துண்டை வாங்கவில்லை. வாங்காததால் அந்தப் புள்ளிகளுக்கு ஒரு நன்மையும் நடக்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

ஹுக்காங் என்ற பெயரே நம்மவர்களின் வீடுகளில் வேறு விதமாகக் கேட்டிருக்கிறது. 1942-இல் ஜப்பானியர் ரங்கூனுக்கு வந்தபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் நடந்தார்கள். பெரும்பாலானோர் அரக்கான் வழியும் தாமு வழியும் போக, வடக்கே மிச்சினாவரை போய் மாட்டிக்கொண்டவர்களில் பலர் ஹுக்காங் பள்ளத்தாக்கின் சேற்றில், மழைக்காலத்தில், அசாமின் லேடோவை நோக்கி நடந்தார்கள். எத்தனையோ பேர் அந்த மண்ணிலேயே தங்கிவிட்டார்கள். இரண்டு ஆண்டு கழித்து அதே வழியில் லேடோ சாலை வெட்டப்பட்டபோது அந்த மண் இன்னொரு விதத்தில் பேசியது. படைவீரர்களுக்குக் காய்ச்சல் கண்டது. உடலில் எங்கோ ஓரிடத்தில் பீடியால் சுட்டது போலக் கருத்த பொருக்கு. புதர்க் காய்ச்சல், ஸ்க்ரப் டைபஸ். பரப்புவது லெப்டோட்ராம்பிடியம் என்ற சிற்றுண்ணியின் இளம் பருவம். அப்போது அதற்கு ஆறு கால்தான். வாழ்நாளில் ஒரே முறை எலியையோ மனிதனையோ பற்றி உண்டுவிட்டு மண்ணுக்குள் இறங்கிவிடும். அதன் பிறகு எட்டுக் காலோடு மண்ணிலேயே மற்ற சிற்றுயிர்களின் முட்டையைத் தின்று வாழும். கிருமி தாயிடமிருந்து முட்டை வழியே பிள்ளைக்குப் போகும். அமெரிக்காவின் டைபஸ் ஆணையம் மிச்சினாவில் ஆய்வுக்கூடம் போட்டு எலிகளின் காதில் ஒட்டியிருந்தவற்றை ஒவ்வொன்றாகச் சேகரித்து, முதுகில் இருக்கும் தகட்டின் வடிவத்தையும் அதன் மயிர்களையும் பார்த்து இனம் பிரித்தது. இளம் பருவத்துக்கும் முதிர்ந்த பருவத்துக்கும் உருவ ஒற்றுமையே கிடையாது. இது அதன் பிள்ளைதான் என்று சொல்ல வளர்த்துப் பார்த்தாக வேண்டும். பூச்சி விரட்டி மருந்தில் நனைத்த சட்டைகளை வீரர்கள் உடுத்தினார்கள். போர் முடிந்து 1948-இல் கோலாலம்பூரில் குளோராம்பெனிக்கால் இந்தக் காய்ச்சலைத் தீர்த்தது. தமிழ்நாட்டில் இன்று உண்ணிக் காய்ச்சல் என்கிறோம். வேலூர் மருத்துவர்கள் நோயாளியின் அக்குளிலும் இடுப்பு மடிப்பிலும் அந்தக் கருத்த பொருக்கைத் தேடுவது அன்றாட வேலையாகிவிட்டது. 1990-களின் கடைசியில் தென்னையில் ஈரியோபைட் சிலந்திப்பேன் இறங்கி, தேங்காய்கள் பழுப்பேறி வெடித்துச் சுருங்கியபோதும் இப்படித்தான்; பொள்ளாச்சியிலிருந்து தஞ்சாவூர் வரை அதுவரை யாரும் கேள்விப்படாத ஒரு சிற்றுண்ணியின் லத்தீன் பெயரைத் தோட்டக்காரர்கள் வாய் தவறாமல் சொன்னார்கள்.

இவற்றையெல்லாம் வரிசையாக நினைத்துப் பார்க்கும்போதுதான் என் உறுத்தலின் வேர் எங்கே என்று தெரிகிறது. விலை வந்தபோது சிற்றுண்ணியைப் பார்த்தோம். சாவோ நட்டமோ வந்தபோது பார்த்தோம். அம்பரில் ஓர் உண்ணி டைனோசரின் இறகைப் பற்றிய நிலையில் கிடைத்தது என்று 2017-இல் செய்தி வந்ததும் உலகம் திரும்பிப் பார்த்தது, பார்த்தது டைனோசரை. விலையும் இல்லாமல் பயமும் தராமல் சருகைத் தின்று மண்ணாக்கிக்கொண்டிருக்கும் பெருங்கூட்டம் அப்படியே இருக்கிறது. காட்டு மண்ணில் ஒரு சதுர மீட்டருக்குப் பல பத்தாயிரம் என்ற கணக்கில் அவை வாழலாம். 10 கோடி ஆண்டுக்கு முந்தைய ஒரு தீவின் மண்ணுக்கு இருக்கும் பெயர்கள், யாங்கோனில் நான் தினமும் மிதிக்கும் மண்ணின் குடிகளுக்கு என் கைக்கு எட்டும் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஷ்வேடகோன் நிற்கும் செம்புறைக் குன்றின் சரிவிலும், கன்டோஜி ஏரிக்கரையின் மக்கிய இலைகளிலும், திங்கியான் நாட்களில் பூத்துக் கொட்டும் படாவ் மரங்களின் அடியிலும் அவை நடக்கின்றன. முல்லை நிலத்தில் முதல் மழை விழுந்ததும் செம்மண்ணில் சிவந்து பரவும் மூதாயைச் சங்கப் புலவர்கள் பார்த்தார்கள். நாம் தம்பலப்பூச்சி என்று உள்ளங்கையில் ஏந்தி விளையாடிய அதே பட்டுச் சிவப்பு. அதுவும் ஒரு மண் சிற்றுண்ணிதான். காய்ச்சல் பரப்பும் அந்த ஆறுகால் இளசுக்கு உறவுமுறை. விலை கேட்காமல், பயப்படாமல், மழையின் கூறாக அதைப் பார்த்திருக்கிறார்கள். சிவப்பாகவும் பெரிதாகவும் இருந்ததால்தானே பார்த்தார்கள் என்று கேட்கலாம். ஆமாம். ஆனால் எந்த மண்ணில், எந்தப் பருவத்தில், எந்தப் பூ உதிர்ந்து கிடக்கும்போது என்று சேர்த்துச் சொன்னார்கள். இன்று ஒரு மாதிரிக் குப்பியின் மேல் ஒட்டும் சீட்டில் எழுத வேண்டியதும் அதுதான். அம்பர்த் துண்டுகளில் பலவற்றுக்கு அந்தச் சீட்டு இல்லை. எந்தக் கிணற்றில், எந்த ஆழத்தில், யார் எடுத்தது என்பது சந்தையில் கைமாறும்போதே தொலைந்துவிடுகிறது. இடம் தொலைந்த பெயர் அரைப் பெயர் என்றே நான் நினைக்கிறேன்.

இனி கச்சின் மண்ணிலிருந்து ஒரு மாதிரிக்குப் பெயர் வைக்கிறவர்கள் அது எப்படி வந்தது என்று எழுத வேண்டும். பெயருக்கு ஆதாரமான அந்த மூலத் துண்டு, சண்டை ஓய்ந்த ஒரு நாளில் இந்த நாட்டு மாணவரின் நுண்ணோக்கிக்கு அடியில் வந்து சேர வழி செய்ய வேண்டும். அதை நான் வற்புறுத்தத்தான் முடியும். ஆனால் உயிரோடிருக்கும் மண்ணுக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். கோழிக்கோட்டுப் பல்கலைக்கழகத்தில் ஹக் கேரளத்தின் ஒரிபாட்டிடுகளை ஆண்டுக்கணக்கில் பார்த்தார். கொல்கத்தாவில் இந்திய விலங்கியல் ஆய்வுத்துறையின் சன்யால் வங்கத்து மண்ணைப் பார்த்தார். பெங்களூரில் சன்னபசவண்ணா இந்தப் படிப்புக்கே ஒரு பள்ளியை உண்டாக்கினார். வங்கக் கடலின் இந்தக் கரையிலும் அது நடக்கும். யாங்கோனில் விலங்கியல் படிக்கும் பிள்ளைகளுக்கும், அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கும், கொல்லையில் நாலு தொட்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் சொல்கிறேன்: ஒரு பிடி சருகை அள்ளுங்கள். இடத்தையும் நாளையும் மரத்தையும் சீட்டில் எழுதுங்கள். இந்த ஊரில் மின்சாரம் முறை வைத்து வருகிறது, விளக்கு எரியாது என்று தயங்க வேண்டாம். புனலுக்கு மேல் மின்விளக்கைத் தொங்கவிட்டது பின்னால் வந்த ஸ்வீடன்காரர் துல்க்ரேன். பெர்லேசி 1905-இல் செய்த முதல் கருவியைச் சூடாக்கியது வெந்நீர்.